வரைபடத்தில் நேர்க்கோடு, தரையில் வளைவு: கட்டடக்கலை வரலாற்றில் என் முதுநிலைப் படிப்பு

முதுநிலைப் படிப்பின் இரண்டாவது வாரத்தில், கருத்தரங்க வகுப்பில் பேசுவதற்காக எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு படம்தான். பார்சலோனா நகரின் விரிவாக்கத்திற்காக இல்டெஃபோன்ஸ் செர்தா 1859இல் வரைந்த திட்டப்படம் அது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 113 மீட்டர் நீளமுள்ள சதுரத் தொகுதிகள், மழுங்கலாக வெட்டப்பட்ட மூலைகள், 20 மீட்டர் அகலத் தெருக்கள், பெரும்பாலான தொகுதிகளில் இரண்டு பக்கங்களில் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம். ஐந்து ஆண்டுகள் கட்டடக்கலை பயின்று, மேலும் மூன்று ஆண்டுகள் அலுவலகத்தில் வரைபடங்களோடு பழகிவிட்டு வந்திருந்ததால், படத்தைப் படிப்பது எனக்குக் கைவந்த வேலை என்ற நினைப்பு இருந்தது. காற்று, வெளிச்சம், சமத்துவம் என்று கால் மணி நேரம் பேசினேன். பேராசிரியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் எவ்வளவு கட்டப்பட்டது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெருக்களும் வெட்டப்பட்ட மூலைகளும் ஏறக்குறைய வரைந்தபடியே உருவாயின என்பதையும், திறந்திருக்க வேண்டிய பக்கங்களை நில உரிமையாளர்கள் ஒவ்வொன்றாக அடைத்துக் கட்டினார்கள் என்பதையும், தோட்டத்திற்கென்று விட்ட இடங்களில் பட்டறைகளும் கிடங்குகளும் புகுந்தன என்பதையும் அடுத்த வாரம்தான் படித்தறிந்தேன். மாநகராட்சி நடத்திய போட்டியில் வென்றது அந்தோனி ரோவிராவின் திட்டம் என்பதும், செர்தாவின் திட்டம் மாட்ரிட் அரசின் ஆணையால் நகரின்மீது வந்து இறங்கியது என்பதும் அப்போது தெரியவந்தவையே.

வடிவமைப்பு வகுப்பிலிருந்து வரலாற்று வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் படும் அடி இதுதான் என்று பின்னர் பலரிடம் பேசியதில் தெரிந்தது. வடிவமைப்பில் வரைபடம் என்பது கட்டப்போகிறவருக்கான கட்டளை. வரலாற்றில் அதே வரைபடம், யாரோ ஒருவர் வேறு யாரையோ இணங்கவைக்க முன்வைத்த கோரிக்கை. அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டதா, மாற்றப்பட்டதா, கிடப்பில் போடப்பட்டதா என்பதைப் படம் ஒருபோதும் சொல்லாது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு லண்டனுக்காகக் கிறிஸ்டோபர் ரென் வரைந்த திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தீ அணைந்த சில நாட்களுக்குள் மன்னரிடம் அளிக்கப்பட்ட அந்தப் படம், அகன்ற சாலைகளோடும் வட்டச் சதுக்கங்களோடும் பாடநூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகிறது. நகரமோ பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மீதே மீண்டும் எழுந்தது; எரிந்த மனைகளுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கப் பணமும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. லண்டனின் கட்டடங்களை உண்மையில் மாற்றியது, வீடுகளை வகைப்படுத்தி, சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டச் சொன்ன 1667ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் வாசகத்தை அச்சிட்ட பாடநூலை நான் இளநிலையில் பார்த்ததே இல்லை. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆந்திரேயா பல்லாதியோ 1570இல் வெளியிட்ட நூலில் தன் மாளிகைகளையே கட்டியபடி அல்லாமல், கட்ட விரும்பியபடி வரைந்து அச்சிட்டார் என்பதை அறிந்த நாளில், கட்டியவரே சொன்னாலும் ஒருமுறை தளத்தில் போய் அளந்து பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியை நானே மதிக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சேர்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை வரலாறு, நகரமைப்பு வரலாறு என்று ஏறக்குறைய ஒரே பெயரில் நடக்கும் படிப்புகள், எந்தத் துறைக்குள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து வெவ்வேறு படிப்புகளாகிவிடுகின்றன. கட்டடக்கலைப் பள்ளிக்குள் இருந்தால் கோட்பாட்டுக்கும் வடிவமைப்புச் சிந்தனைக்கும் எடை கூடும். கலை வரலாற்றுத் துறைக்குள் இருந்தால் பொருளை உற்றுப் பார்ப்பதிலும், யார் செய்தது, எப்போது செய்தது என்று நிறுவுவதிலும் பயிற்சி கிடைக்கும். நகரமைப்புத் துறையிலோ புவியியல் துறையிலோ இருந்தால் சட்டம், நிலம், நிதி, மக்கள்தொகை ஆகியவை முன்னுக்கு வரும். நான் துறையின் அறிமுக ஏட்டை மட்டும் படித்துவிட்டுச் சேர்ந்தேன். அந்தத் துறை கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகளின் தலைப்புகளையும், அவற்றில் இரண்டு ஏடுகளின் அடிக்குறிப்புகளையும் பார்த்திருந்தால், என் கேள்விகளுக்கு அங்கே எவ்வளவு இடம் உண்டு என்று அரை நாளில் தெரிந்திருக்கும். மற்றபடி, இத்துறைக்குள் வரக் கட்டடக்கலைப் பட்டம் கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. என் வகுப்பில் இருந்தவர்களிலேயே மிகக் கூர்மையாகக் கட்டடங்களைப் பற்றி எழுதியவர் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர். வெட்டுத் தோற்றத்தைப் படிக்க அவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார், கடன் பத்திரத்தைப் படிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது.

வாசிப்பின் சுமையைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். வாரத்திற்கு மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலோ ஐந்தாறு கட்டுரைகளோ. முதல் பருவத்தில் எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்று, எதையும் நினைவில் நிறுத்த முடியாமல் களைத்துப்போனேன். வேகமாகப் படிப்பதற்கான உத்திகளால் எனக்குப் பயன் கிடைக்கவில்லை. முன்னுரை, முடிவுரை, படங்களின் பட்டியல் ஆகியவற்றைப் படித்துவிட்டு, பிறகு அடிக்குறிப்புகளுக்குப் போய், இந்த ஆசிரியர் எந்தக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதை நேரில் பார்த்திருக்கிறார், எதைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதுகிறார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. இத்துறையில் சில கதைகள் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்கு, யாரும் பெட்டியைத் திறந்து பாராமலே, கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட்-ஐகோ என்ற அரசு வாடகைக் குடியிருப்பு அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. மினோரு யமசாகி வடிவமைத்த 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடிகள். 1950களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்டு, 1972இல் இடிக்கத் தொடங்கப்பட்டவை. நவீனக் கட்டடக்கலை 1972 ஜூலை 15 அன்று பிற்பகல் 3.32 மணிக்கு இறந்தது என்று கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ் 1977இல் எழுதினார். விருது பெற்ற வடிவமைப்பு, வாழ முடியாத வீடு, ஆகவே நவீனத்துவம் தோற்றது என்ற கதையை நானும் இளநிலைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். முதல் வெடிவைப்பு அந்த ஆண்டு மார்ச் மாதமே நடந்துவிட்டது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் விருதை அந்தக் குடியிருப்பு பெறவும் இல்லை என்று கேத்ரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரை காட்டியது. பராமரிப்புச் செலவு குடியிருப்போரின் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்ற ஏற்பாடு, மக்கள் வெளியேறிச் சுருங்கிக்கொண்டிருந்த நகரம், கட்டும்போதே குறைக்கப்பட்ட செலவு, இனப் பாகுபாடு ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பழியைக் கட்டடத்தின் வடிவத்தின்மீது மட்டும் சுமத்தியதில், கட்டடக்கலைஞர்களுக்கே ஒரு மறைமுக ஆதாயம் இருந்தது என்பது அந்தக் கட்டுரையின் வாதம். அதாவது, கட்டடத்தால் சமூகம் கெட்டது என்று ஒப்புக்கொண்டால், கட்டடத்தால் சமூகத்தைத் திருத்தவும் முடியும் என்ற பழைய உரிமை கையைவிட்டுப் போகாது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் என் இளநிலைக் குறிப்பேடுகளை எடுத்து, எத்தனை வரிகளுக்கு எனக்கு மூலம் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். மிகக் குறைவு.

அரசின் பூங்கா, சாலைப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் மோசஸ் நியூயார்க் நகருக்கு வெளியே பூங்காச் சாலைகளின் பாலங்களைத் தாழ்வாகக் கட்டி, பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பின மக்களும் ஜோன்ஸ் கடற்கரைக்கு வர முடியாமல் தடுத்தார் என்ற கதையும் இப்படிப்பட்டதுதான். 1974இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாறு அதைச் சொன்னது. 1980இல் லாங்டன் வின்னர் அதைத் தொழில்நுட்பத்தின் அரசியலுக்கு உதாரணமாக்கினார். 1999இல் பெர்ன்வார்ட் யோர்கெஸ் அந்த உதாரணத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். அந்தச் சாலைகளில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருந்தன, தாழ்ந்த பாலங்கள் அக்காலப் பூங்காச் சாலைகளில் வழக்கமானவை என்பன போன்ற எளிய செய்திகள் கதைக்குள் வராமல் போயிருந்தன. இதனால் மோசஸ் பாகுபாடு காட்டாதவர் ஆகிவிடுவதில்லை. ஆனால் பாலத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் சாலை விதிகளைப் படித்திருக்க வேண்டும்.

ஆண்டுகளைப் பற்றிய எச்சரிக்கை வேறு வகையானது. நவீன நகரமைப்புக் கொள்கைகளின் அறிக்கையான ஏதென்ஸ் சாசனம் என்றால் 1933 என்று மனப்பாடமாகச் சொல்வோம். மார்செய்யிலிருந்து ஏதென்ஸுக்குச் சென்ற பாட்ரிஸ் கப்பலில் நவீனக் கட்டடக்கலைஞர்களின் நான்காவது மாநாடு நடந்தது அந்த ஆண்டில்தான். ஆனால் சாசனம் என்று நாம் படிக்கும் வாசகத்தைக் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே வெளியிட்டது 1943இல், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, போருக்கு நடுவில். அதேபோல, ஸ்பானியப் பேரரசின் அமெரிக்க நகரங்கள் சதுக்கத்தோடும் கட்டம் கட்டமான தெருக்களோடும் அமைந்ததற்கு இரண்டாம் பிலிப் மன்னர் 1573இல் வெளியிட்ட விதிகளைக் காரணமாகச் சொல்வது வழக்கம். லீமா நகரமோ 1535இலேயே அப்படி அமைக்கப்பட்டுவிட்டது. விதி நடைமுறையை உருவாக்கியதா, நடைமுறையைப் பிறகு விதியாக எழுதினார்களா என்று கேட்கப் பழகுவதற்கு இந்த இரண்டு உதாரணங்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. அல்லது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்துறையின் அடித்தளத்தையே சந்தேகத்தோடு பார்க்கவைத்தது ஒரு பொருளடக்கம். பானிஸ்டர் ஃபிளெட்சர்கள், தந்தையும் மகனுமாக, 1896இல் வெளியிட்ட கட்டடக்கலை வரலாறு பல தலைமுறை மாணவர்களின் பாடநூல். அதன் 1901ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்திய, சீன, ஜப்பானிய, இஸ்லாமியக் கட்டடக்கலைகள் சேர்க்கப்பட்டபோது, அவை 'வரலாறற்ற பாணிகள்' என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டன. அந்தப் பிரிவினை பல பதிப்புகளுக்கு நீடித்தது. இதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே, 1834இல், சிற்ப நூல்களின் சுவடிகளை ஆராய்ந்து ராம் ராஸ் எழுதிய ஆய்வு லண்டனில் அச்சாகியிருந்தது. தெரியாமல் விடுபட்டது என்று சொல்ல வழியில்லை. எது வரலாறு, எது அலங்காரம் என்று முன்னரே முடிவெடுத்துவிட்ட சட்டகத்திற்குள் எத்தனை புதிய இயல்களைச் சேர்த்தாலும் சட்டகம் மாறாது என்று எங்கள் வகுப்பில் ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். பிரேசிலின் புதிய தலைநகராகக் கட்டப்பட்ட பிரசீலியா நகரைப் பற்றிய வகுப்பிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. லூசியோ கோஸ்தாவின் 1957ஆம் ஆண்டுத் திட்டமும் ஆஸ்கர் நீமயரின் கட்டடங்களும் எல்லோருக்கும் தெரியும். நகரைக் கட்டிய தொழிலாளர்களுக்குத் திட்டத்திற்குள் இடமில்லாததால், 1960 ஏப்ரலில் தலைநகரம் திறக்கப்படுவதற்கு முன்பே, 1958இல், தாகுவாச்சிங்கா என்ற துணைநகரம் உருவாகிவிட்டது. எந்த நகரை வரலாறு என்று எழுதுவது?

இனி என் சொந்தத் தவறுகளுக்கு வருகிறேன். ஆய்வு முன்மொழிவில் நான் எழுதிய தலைப்பு, ஒரு துறைமுக நகரத்தின் நூறு ஆண்டு வளர்ச்சியைப் பற்றியது. நெறியாளர் அதை வாசித்துவிட்டு, "இது நான்கு பேர் வாழ்நாள் முழுக்கச் செய்யும் வேலை, உங்களிடம் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன" என்றார். மூன்று முறை சுருக்கினேன். நூறு ஆண்டு இருபது ஆண்டாகியது, நகரம் ஒரு பழைய குடியிருப்புப் பகுதியாகியது, கடைசியில் அந்தப் பகுதியின் நடுவே 1920களில் மாநகராட்சி வெட்டிய ஒரே ஒரு புதிய தெரு மிஞ்சியது. சிறிய தலைப்பு என்பதால் சிறிய கேள்வியாகிவிடும் என்று அஞ்சியது வீண். ஒரு தெருவுக்குள் நிலம் கையகப்படுத்தும் சட்டம், சுகாதாரத் துறையின் அச்சங்கள், வடிகால் பொறியியல், வீட்டு உரிமையாளர்களின் மனுக்கள், வாடகைக்கு இருந்தோரின் மௌனம் எல்லாம் இருந்தன. தலைப்பைச் சுருக்கும்போது நான் கைக்கொண்ட சோதனை, இப்போது மாணவர்கள் கேட்டாலும் சொல்வது, இதுதான்: கேள்விக்கு விடை கிடைக்கக்கூடிய ஆவணங்கள் எந்தக் கட்டடத்தில், எந்த மொழியில், எந்தக் கையெழுத்தில் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க அனுமதி கிடைக்க எத்தனை வாரமாகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட முடிந்தால் அது தலைப்பு, முடியாவிட்டால் அது ஆசை.

காப்பகத்தில் முதல் மாதம் ஏறக்குறைய வீணாயிற்று. 'நகரமைப்பு' என்ற சொல்லை வைத்து அட்டவணையில் தேடினால் சில அறிக்கைகளும் இரண்டு வரைபடங்களும் மட்டுமே கிடைத்தன. தெரு வெட்டப்பட்ட காலத்தில் அலுவலர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை; அவர்களுக்கு அது 'நெரிசல் நீக்கம்', 'சாலைப் பணி', 'இழப்பீடு'. கோப்புகள் பொருளின் பெயரால் அடுக்கப்படுவதில்லை, வேலையைச் செய்த அலுவலகத்தின் பெயரால் அடுக்கப்படுகின்றன. அந்த மாநகராட்சியில் எந்தப் பிரிவு யாருக்குக் கடிதம் எழுதும், நகல் எங்கே போகும், பணத்தை யார் விடுவிப்பார் என்று ஒரு தாளில் படமாக வரைந்துகொண்ட பிறகுதான் கோப்புகள் வரத் தொடங்கின. அந்தத் தாளை எனக்கு வரைந்து காட்டியவர் காப்பகத்தில் பெட்டிகளை எடுத்துக் கொடுக்கும் ஊழியர். ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அவருடையதுதான்.

இரண்டாவது தவறு கேமராவால் வந்தது. படமெடுக்க அனுமதி கிடைத்த உற்சாகத்தில் மூன்று நாட்களில் 900க்கும் மேற்பட்ட பக்கங்களைப் படமெடுத்தேன். கோப்பு எண்ணையும் பெட்டி எண்ணையும் முதல் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தபோது, மிக முக்கியமான ஒரு கடிதம் எந்தக் கோப்பில் இருந்தது என்று தெரியாமல் ஒரு வாரம் திரும்பச் சென்று தேட வேண்டியதாயிற்று. பென்சிலால் கோப்பு எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தெரியும்படி வைப்பதும், அன்றைய படங்களுக்கு அன்றிரவே பெயரிட்டு, ஒவ்வொரு கோப்பிலும் என்ன இல்லை என்பதையும் சேர்த்து ஐந்து வரி எழுதிவைப்பதும் அதன் பிறகு பழக்கமாயின. பக்க எண்கள் 40இலிருந்து 57க்குத் தாவினால் அதுவும் ஒரு செய்திதான்.

இல்லாமற்போன ஆவணங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இரண்டு நகரங்கள் நினைவுக்கு வரும். 1871 மே மாதத்தில் பாரிஸ் நகர மன்றக் கட்டடம் எரிந்தபோது, 1860க்கு முந்தைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் எரிந்தன. அவற்றின் இரட்டைப் படிகள் வைக்கப்பட்டிருந்த நீதிமன்றக் கட்டடமும் அதே நாட்களில் எரிந்தது. கொலோன் நகரின் காப்பகக் கட்டடம் 2009 மார்ச் 3 அன்று இடிந்து விழுந்தது, அருகில் சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தபோது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த இருவர் உயிரிழந்தனர். நகரமைப்பு வரலாற்றின் மூலங்களை நகரமைப்புப் பணி ஒன்றே புதைத்துவிட்டது என்பதில் உள்ள முரணை எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

வரைபடங்களைத் தாளாகப் பார்க்கவும் அங்கேதான் கற்றேன். அமெரிக்க நகரங்களுக்காகச் சான்போர்ன் நிறுவனம் தயாரித்த தீக்காப்பீட்டு நிலப்படங்களைப் பயிற்சி வகுப்பில் பார்த்திருந்தோம். செங்கல் கட்டடங்கள் இளஞ்சிவப்பு, மரக் கட்டடங்கள் மஞ்சள். நகரம் மாறும்போது முழுத்தாளையும் மீண்டும் அச்சிடாமல், மாறிய மனைக்கு மட்டும் ஒரு சீட்டை அச்சிட்டு மேலே ஒட்டினார்கள். ஒரே தாளில் பல ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்; தாளின் தலைப்பில் உள்ள ஆண்டு அவற்றில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். கணினித் திரையில் பார்க்கும் படத்தில் ஒட்டுச்சீட்டின் விளிம்பு தெரியாமல் போகலாம். ஆகவே எண்ணியல் படி கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலும், ஆய்வின் மையமான இரண்டு மூன்று வரைபடங்களையாவது நேரில் பார்த்து, தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் வைத்து, அழிப்பான் பட்ட இடங்களையும், பின்புறம் உள்ள முத்திரைகளையும், மடிப்புகளையும் குறித்துக்கொள்வது நல்லது.

என் தெருவின் மைய வரைபடம் டிரேசிங் துணியில் மையால் வரையப்பட்ட அழகான ஒன்று. தலைப்புக் கட்டத்தில் 1926 என்றிருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரு அதில் நேர்க்கோடு. தளத்திற்குப் போய், வகுப்புத் தோழர் ஒருவருடன் நாடாவைப் பிடித்து அளந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் தெரு நான்கு மீட்டர் விலகி வளைந்து சென்றது. நடந்துபோகிறவருக்குத் தெரியாத வளைவு. அளவுநாடாவுக்கு மட்டுமே தெரிந்தது. அந்த வளைவுக்குக் காரணத்தைத் தேடியதுதான் ஆய்வேட்டின் பாதி. சாலைப் பணிக் கோப்பில் எதுவும் இல்லை. சட்டப் பிரிவின் இழப்பீட்டுக் கோப்பில், அந்த இடத்தில் இருந்த ஓர் அச்சகக் கட்டடத்தின் உரிமையாளர் மதிப்பீட்டை ஏற்க மறுத்து ஆறு ஆண்டுகள் வழக்காடியது பதிவாகியிருந்தது. ஒதுக்கப்பட்ட நிதி அந்த நிதியாண்டோடு காலாவதியாகும் என்ற கணக்கருடைய குறிப்பு ஒன்றும், 'தற்போதைக்குச் சுற்றிச் செல்லலாம்' என்ற பொறியாளருடைய ஒற்றை வரியும் அதே கோப்பில் இருந்தன. அந்தத் 'தற்போதைக்கு' இன்னும் முடியவில்லை.

தளத்தில் அளப்பதையும் கட்டட விதிகளைப் படிப்பதையும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்குப் பெர்லினின் வாடகைக் குடியிருப்புகளைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்குள்ள இருண்ட உள்முற்றங்களின் குறைந்தபட்ச அளவு 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர், தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு அவ்வளவு இடம் வேண்டும் என்று 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி சொன்னது. வெளிச்சமோ காற்றோ அந்தக் கணக்கில் இல்லை. அந்த எண் தெரியாமல் முற்றத்தைப் பார்த்தால் கட்டியவரின் பேராசை மட்டும் தெரியும். எண்ணை மட்டும் படித்தால் முற்றத்தின் இருட்டு தெரியாது.

எழுதுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வலியைத் தவிர. கட்டடத்தைப் பார்த்து வர்ணிக்கும் பயிற்சி எனக்கு இருந்தது. வாதத்தை நிறுவும் பயிற்சி இல்லை. முதல் வரைவில் ஒவ்வொரு இயலும் 'அழகு', 'ஒழுங்கு', 'பிரம்மாண்டம்' என்று நிரம்பியிருந்தது. நெறியாளர் ஓரங்களில் "யாருக்கு?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார், 31 இடங்களில். அவரைச் சந்திக்கப் போகும்போது புதிய யோசனைகளை எடுத்துச் செல்வதைவிட, எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் எழுதப்பட்ட ஐந்து பக்கங்களை எடுத்துச் செல்வது இருவருக்கும் பயனுள்ளது என்பதை மூன்றாம் பருவத்தில் கண்டுகொண்டேன். படங்களை வெளியிடும் அனுமதிக்கு மட்டும் நான்கு மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஆய்வேடு முடிந்து, படம் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பு முடிந்து என்ன வேலை என்ற கேள்விக்கு என் வகுப்பில் இருந்த ஒன்பது பேரின் நிலைமையையே பதிலாகச் சொல்ல முடியும்: இருவர் முனைவர் ஆய்வுக்குப் போனார்கள், மூவர் பழைய கட்டடங்களின் பாதுகாப்புப் பணியில் இருக்கிறார்கள், ஒருவர் காப்பகத்தில், ஒருவர் திட்டமிடல் அலுவலகத்தில், ஒருவர் கட்டடக்கலை அலுவலகத்திற்கே திரும்பினார், நான் பாதி நேரம் கற்பிக்கிறேன். வசதியான வாழ்க்கைக்காக யாரும் இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்பது என் நேர்மையான கருத்து. கடன் வாங்கிச் சேரும் எண்ணமிருந்தால் இரண்டு முறை யோசிக்கவும்.

வாய்மொழித் தேர்வில் அச்சக வழக்கைப் பற்றி நிறையக் கேட்டார்கள், பாராட்டவும் செய்தார்கள். 1926இல் நேர்க்கோடாக நினைத்த தெருவை ஒரு மனை உரிமையாளர் வளைத்துவிட்டார் என்பது என் ஆய்வேட்டின் மைய வாதம். அது ஏற்றுக்கொள்ளப்பட்டு, நூலகத்தில் வைக்கப்பட்டது. ஓர் ஆண்டு கழித்து, வேறொரு கட்டுரைக்காக அதே காப்பகத்தில் மாநகராட்சியின் செலவுச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1931ஆம் ஆண்டின் சீட்டு ஒன்று கைக்கு வந்தது: ஆண்டறிக்கையில் அச்சிடுவதற்காக அந்தத் தெருவின் வரைபடத்தை டிரேசிங் துணியில் 'செம்மையாக' வரைந்து கொடுத்த வரைவாளருக்கு ஊதியம். தாளின் அளவும், எண்ணும், தலைப்பும் என் வரைபடத்தோடு பொருந்தின. நான் இரண்டு ஆண்டுகள் மூலத் திட்டம் என்று நம்பிய படம், தெரு வளைந்து முடிந்த பிறகு, பழைய ஆண்டைத் தலைப்பில் இட்டு நேராக வரையப்பட்டது. 1926இல் அவர்கள் உண்மையில் என்ன வரைந்தார்கள் என்பதற்கு ஆவணம் இதுவரை கிடைக்கவில்லை. நெறியாளருக்கு எழுதினேன். அவர் ஒரே நாளில் பதிலனுப்பினார். நூலகருக்கு எழுதும்படியும், சீட்டின் கோப்பு எண்ணை மறக்காமல் குறிப்பிடும்படியும் அதில் இருந்தது. இப்போது அந்த ஆய்வேட்டின் 63ஆம் பக்கத்தில் அரைப்பக்க அளவில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. எண்ணியல் படியில் அதன் விளிம்பு தெரிவதில்லை.